நாலு மணி விளக்கு

திருப்பூரில் விடியற்காலை நாலு மணிக்கு வீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சூரியன் உதிப்பதற்கு வெகு நேரம் முன்னதாகவே இந்த ஊரில் பொழுது விடிந்துவிடுகிறது. லைன் வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரியத் தொடங்கும். அவற்றில் முக்காலே மூன்று வீசம் சமையலறை விளக்குகள். ஒரு வீட்டில் குக்கர் கூவினால் அடுத்த வீட்டு மிக்ஸி அதற்குப் பதில் சொல்லும். எட்டரை மணிக்குக் கம்பெனியில் மிஷின் ஓட வேண்டும். அதற்குள் காலை ஆகாரம் ஆக வேண்டும். மத்தியானச் சாப்பாடு டப்பாக்களில் ஏற வேண்டும். குழந்தைகளுக்குத் தலை வாரியாக வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிற நாளானால் குடங்களும் நிரம்பியாக வேண்டும்.

இந்த நாலு மணி விளக்கை நான் வெகு காலமாக ஒரு கவியின் கண்ணோடுதான் பார்த்து வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுச் சாப்பாட்டின் பெருமையைப் பற்றிப் பள்ளிக்கூட விழாக்களில் பிரசங்கங்கூடச் செய்திருக்கிறேன். அந்தப் பிரசங்கத்துக்கு ஒரு பாட்டியம்மாள் ரயில் வண்டியில் முற்றுப்புள்ளி வைத்த கதையைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு தஞ்சாவூர் பார்க்கக் கிளம்பினோம். கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் காலை வண்டி. பெட்டிகள் மூன்று, சாப்பாட்டு மூட்டைகள் ஐந்து. புளிச்சோறு, தயிர்ச்சோறு, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, உருளைக்கிழங்கு வறுவல், கச்சாயம், கடலை உருண்டை என்று ஒன்று பாக்கியில்லை. ஈரோட்டில் ஒரு பாட்டியம்மாள் ஏறி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். கரூரில் நான் மூட்டையை அவிழ்த்தேன். எண்ணெய்ப் பலகாரங்களை வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும் ஜனங்களைப் பற்றியும், வீட்டில் சமைத்த சைவ ஆகாரத்தின் மேன்மையைப் பற்றியும் பெட்டியிலிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கொஞ்சம் விஸ்தாரமாகவே பேசினேன். பாட்டியம்மாளுக்கும் இரண்டு இட்லி கொடுத்தோம். அவர் நிதானமாகத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, அந்த அம்மிணி ராத்திரி எத்தனை மணிக்கு எந்திரிச்சுது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் பெண்தான், "ரெண்டரை மணிக்கே எந்திரிச்சுட்டாங்க, பாட்டி" என்றாள்.

"அப்ப லீவு உங்களுக்குத்தானுங்க தம்பி. அந்த அம்மிணிக்கு வேலை செய்யற எடம் மட்டும் மாறியிருக்குது."

குளித்தலைப் பக்கத்து வாழைத் தோட்டங்களும் வாய்க்கால்களும் ஜன்னலுக்கு வெளியே ஓடின. காவிரிப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. எழுப்பலாமா என்று யோசித்தேன், மனம் வரவில்லை. இரண்டரை மணியிலிருந்து அடுப்பின் முன் நின்றவளுக்கு அந்தத் தூக்கத்தையாவது விட்டு வைப்பதே நியாயம் என்று பட்டது. அதன்பின் திருச்சி வரும் வரையில் நான் வாயைத் திறக்கவில்லை, கச்சாயத்தைத் தின்பதற்குக்கூட!

திருப்பூருக்குத் திரும்பிய பிறகு, காந்தியடிகள் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி எழுதிய நூலை மறுபடி எடுத்துப் படித்தேன். எங்கள் ஊரில் மகாத்மாவின் பெயரைச் சொன்னால் கதரும் கொடியுந்தான் நினைவுக்கு வரும். 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் ஏற்பட்டபோது அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமை இடமாக இருந்தது திருப்பூர். 1932 ஜனவரியில் கொடியை ஏந்திச் சென்று தடியடிபட்டுக் குமரன் உயிர் நீத்ததும் இங்கேதான். ஆனால் மகாத்மாவின் அடுப்பங்கரையை நினைப்பவர்கள் குறைவு.

1910-ஆம் வருஷம் ஜோஹானஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தூரத்தில் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. ஹெர்மன் காலன்பாக் என்ற நண்பர் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையில்லாமல் கொடுத்தார். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே ஒன்றாக வசித்தன. அவர்களில் தமிழர்கள் அநேகர். ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்த இடத்தில் ஒரே சமையலறை, அதுவும் சைவச் சமையலறை. மகாத்மா இதைக் கட்டாயப்படுத்தவில்லை. மாமிசம் வேண்டுமானால் அதற்கும் ஏற்பாடு செய்யச் சித்தமாயிருந்தார். கேட்டதன் பேரில் எல்லோரும் தாங்களாகவே சைவத்துக்குச் சம்மதித்தார்கள்.

பண்ணையில் இருந்தவர்கள் சொந்தக் காரியமாக நகரத்துக்குப் போனால் நடந்துதான் போக வேண்டும்; கையோடு கட்டுச்சோறும் கொண்டு போக வேண்டும். அந்தக் கட்டுச்சோறு எப்படிப்பட்டது? இரும்புக் கைத்திரிகையில் தவிடு நீக்காமல் அரைத்த கோதுமை மாவு ரொட்டி. நிலக்கடலையை வறுத்து அரைத்த வெண்ணெய். ஆரஞ்சுப் பழத்திலிருந்து வீட்டிலேயே செய்த மர்மலேட். மூன்றே பதார்த்தங்கள், மூன்றும் முன்கூட்டியே செய்து வைக்கக் கூடியவை. இன்னொரு விதியும் இருந்தது. ஒவ்வொருவரும் சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். பொதுப் பாத்திரங்களைக் குழுக்கள் முறை வைத்துத் தேய்க்க வேண்டும். இதைப் படித்தபோது ரயிலில் நான் செய்த பிரசங்கத்தில் எது குறைந்திருந்தது என்பது புரிந்தது. சைவ ஆகாரத்தைச் சொன்ன நான், தட்டு கழுவுவதைச் சொல்லவில்லை.

நம் கொங்கு நாட்டுச் சமையலை எடுத்துக்கொள்வோம். இது அரண்மனையில் பிறந்த சமையல் அன்று. காட்டிலும் கழனியிலும் பகல் முழுவதும் பாடுபட்டவர்களின் சமையல். ஆகையால் இதற்கு நேரமும் அதிகம் வேண்டாம், பாத்திரமும் அதிகம் வேண்டாம். அரிசிம்பருப்பு சாதம் ஒன்று போதும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, மஞ்சள். ஒரே குக்கர், அரை மணி நேரம். இறக்கியபின் மேலே ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டுக்கொள்ளலாம். ராகிக் களியும் கீரைக் கடைசலும், கம்மஞ்சோறும் மோரும், சோறும் கொள்ளுப் பருப்பும் எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவைதான்.

இவற்றை ஏழைச் சாப்பாடு என்று நாம் ஒதுக்கினோம். ஐக்கிய நாடுகள் சபை 2016-ஆம் வருஷத்தைப் பருப்பு வகைகளுக்கும், 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானியங்களுக்கும் உரிய ஆண்டுகளாகக் கொண்டாடிய பிறகு அவற்றுக்குத் திடீரென்று யோகம் பிறந்துவிட்டது! யோகம் எப்படியானாலும் குணம் உண்மையானது. அரிசி முதலிய தானியங்களின் புரதத்தில் லைசின் என்ற சத்துக் குறைவு. பருப்பில் அது அதிகம். பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. ஆகவே இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் இருப்பது ஏறக்குறைய 120 மில்லிகிராம்.

ஆயினும் சைவ ஆகாரத்தைப் புகழ்கிறவர்கள் இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பால், தயிர் எதுவும் சேர்க்காமல் தாவர ஆகாரத்தை மட்டுமே உண்பவர்களுக்கு வைட்டமின் பி12 கிடைக்காது. அவர்கள் வைத்தியரைக் கேட்டு அதை மாத்திரையாகவாவது எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, இரும்புச் சத்து. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட ஸ்திரீகளில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணை செய்கின்றன. சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் காப்பியும் அதைத் தடுக்கின்றன. ஊருக்கெல்லாம் நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுத் தான் ஒரு டம்ளர் டீயோடு வேலைக்கு ஓடுகிற தாய்மார்கள் எத்தனை பேர்! வீட்டுச் சாப்பாட்டினால் தேகாரோக்கியம் வளரும் என்றால், அதைச் சமைத்தவளுடைய தேகமும் அந்தக் கணக்கில் சேர வேண்டாமா?

நேரக் கணக்கையும் பார்ப்போம். 2019-இல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்குப்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் ஸ்திரீகள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 299 நிமிஷம். ஈடுபடும் புருஷர்கள் செலவிடுவது 97 நிமிஷம். இதில் 'ஈடுபடும்' என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். ஸ்திரீகளில் 100-க்கு 81 பேர் ஈடுபட்டார்கள். புருஷர்களில் 26 பேர். எங்கள் ஊரில் அந்த ஸ்திரீகளில் அநேகர், பகல் முழுவதும் தையல் மிஷினுக்கு முன் உட்கார்ந்துவிட்டு, ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டரை மணிக்குப் பிறகு மறுபடி அடுப்பின் முன் நிற்பவர்கள்.

புருஷர்களுக்குச் சமைக்க வராது என்று யாராவது சொன்னால், அவர்களைத் திருப்பூரில் ஓர் அறைக்கு அழைத்துப் போகிறேன். பீகாரிலிருந்தும் ஒடிஷாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஐந்தாறு பேர் ஒரே அறையில் வசிக்கிறார்கள். முறை வைத்துச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் சமைக்கிறார்கள். சொந்த ஊருக்கு இரண்டு நாள் ரயிலில் போகும்போது அவலும், வறுத்த கடலை மாவும் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். பீகார்ப் பையன் ஒருவன் அந்த மாவை எனக்குக் கொஞ்சம் கொடுத்தான். தண்ணீரில் உப்பும் எலுமிச்சம்பழமும் சேர்த்துக் கரைத்தால் ஒரு வேளைப் பசி தீர்ந்துவிடும். "ஊரில் போய் இறங்கிய பிறகும் நீதானே சமைப்பாய்?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "அங்கே அம்மா இருக்கிறாளே!" என்றான். டால்ஸ்டாய் பண்ணைக்கும் நமக்கும் உள்ள தூரம் அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

சர்க்காரும் இந்தப் பாரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டதை மறக்கக் கூடாது. 2022 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவடைந்தபோது, உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சாம்பாரோடு பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தன. வெறும் வயிற்றோடு வந்த குழந்தைகளின் முகத்தில் அதன் பலனை நாங்கள் கண்டோம். ஆனால் சர்க்கார் வந்து நம் வீட்டுத் தட்டைக் கழுவ முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது சில ஏற்பாடுகள் செய்துகொண்டிருக்கிறோம். சனிக்கிழமை இரவு அடுத்த வாரத்துச் சமையலை நாலு பேருமாகச் சேர்ந்து முடிவு செய்கிறோம். கொள்ளும் பயறும் ஊற வைப்பது பையன் பொறுப்பு. கீரை ஆய்வதும் கடலை வறுப்பதும் பெண் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள் காலை அடுப்பு என்னுடையது. அவரவர் தட்டு அவரவர் கையில். பிரயாணத்துக்கு மூன்று பதார்த்தங்களுக்கு மேல் கிடையாது. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் இரண்டு நாள் முன்னதாகவே காய்ச்சி வைத்துவிடலாம். புறப்படும் நாளில் சோறு வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு கலந்து கட்ட வேண்டும். சூட்டோடு அடைத்தால் வியர்த்துக் கெட்டுப் போகும். தேங்காய்ச் சட்னியைப் பிரயாணத்தில் அடியோடு விலக்குவது நல்லது. கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் முந்தின வாரமே செய்து வைக்கலாம். இவ்வளவுக்கும் இரண்டரை மணிக்கு எழுந்திருக்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது?

மாமிசம் உண்பவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் வீதிகளில் வீசும் வாசனை எனக்குத் தெரியாததும் அன்று. ஞாயிறு எப்படியானாலும், மற்ற ஆறு நாளும் பெரும்பாலான வீடுகளில் அடுப்பில் ஏறுவது சோறும் பருப்பும் கீரையுந்தான். அந்த ஆறு நாள் சமையலை எத்தனை கைகள் செய்கின்றன என்பதே என் கேள்வி.

ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடிக்குப் போயிருந்தோம். கட்டுச்சோற்றைக் காவிரிக் கரைக்குக் கொண்டு போய் உண்பது நம் பாட்டிமார்கள் ஏற்படுத்தி வைத்த திருவிழா அல்லவா? அன்று சோறு வடித்தது நான். கொஞ்சம் குழைந்துவிட்டது. என் மனைவி ஆறு மணிக்குத்தான் எழுந்தாள். படித்துறையில் உட்கார்ந்து காவிரியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புளிச்சோற்றில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, உப்புப் பத்தலீங்க" என்றாள்.

உப்பு நான் மறந்துதான் போயிருந்தேன். ஆனாலும் அவள் இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டாள்.