காரணம் சொல்லாத நிராகரிப்பு

எங்கள் சுண்ணாம்புக்குளத்தில் வெறும் வலையோடு கரையேறுகிறவரிடம் கேட்போம்: மீன் இல்லையா, வலை கிழிந்ததா, எஞ்சின் நின்றதா? ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு.

பழைய ஃபிளாப்பியும் காரணம் சொல்லும். படித்து முடித்ததும் அதன் கன்ட்ரோலர் சிப் ஏழு பைட் பதில் தரும். முதல் மூன்றும் நிலைக் குறியீடுகள். எழுதத் தடையா, செக்டர் கிடைக்கவில்லையா, படித்தது சிதைந்ததா என்பது அதில் இருக்கும். அதை வாங்கி நமக்குச் சொல்ல வேண்டியது டிரைவர் என்ற மென்பொருள். அதுவோ பெரும்பாலும் எல்லாவற்றையும் 'இன்புட் அவுட்புட் பிழை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்து குமாஸ்தாவானவன். மனுவை நிராகரித்தால் காரணம் எழுது என்பதே எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். 'கெட்டுவிட்டது, தூக்கிப்போடுங்கள்' என்றார்கள் என் 1.44 எம்பி ஃபிளாப்பியை. டிரைவின் ஹெட்டைத் துடைத்தேன், படித்துவிட்டது! உள்ளே என் அப்பாவின் படகுக் கணக்கு.

2019ல் லினக்ஸின் ஃபிளாப்பி டிரைவரை, பார்த்துக்கொள்ள ஆளில்லாத 'அநாதை' என்று லினஸ் டோர்வால்ட்ஸ் குறித்தார். பிறகு ஒருவர் பொறுப்பேற்றார். நல்லது. ஆனால் பழசு என்பதற்காகக் காரணத்தை விழுங்காதீர்கள் ஐயா. நம் கணக்கெல்லாம் இன்னும் அந்தப் பழசுக்குள்தான் இருக்கிறது.