ஞாயிற்றுக்கிழமை போன்

வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர், வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை. என் கணவரும் சிப்பாய்தான். மிசோரமில் வைரெங்டே என்ற இடத்தில் ராணுவத்தின் காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. வெளிநாட்டு வீரர்களும் வந்து கற்கும் பள்ளி. போன மழைக்காலத்தில் அவரை அங்கே அனுப்பினார்கள். ஞாயிறு மட்டும் போன் வரும்.

“அவன் மனசு கலங்கும், வீட்டுக் கஷ்டம் எதையும் சொல்லாதேம்மா” என்றார் மாமியார். மகளுக்குக் காய்ச்சல் வந்ததை மறைத்தேன். என் குரலிலேயே கணவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: காய்ச்சல் இருந்தது, ஊசி போட்டாச்சு, இப்போது அரை இட்லி சாப்பிட்டாள். அவரும் சொன்னார்: பூட்ஸுக்குள் தண்ணீர் ஊறிப் பாதத்தோல் உரிகிறது, கழுத்தில் அட்டை கடித்த தடம். கேட்க வயிறு கலங்கியது, ஆனாலும் கேட்டேன். மறைப்பது பாசமில்லை என்றே இன்றும் நம்புகிறேன்.

கணவர் தூரத்தில் இருக்க, வெளிவேலைகளையும் எங்களைப் போன்ற மனைவிகளே பார்க்க வேண்டும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வங்கியிலோ தாலுகா ஆபீஸிலோ பட்டாளத்துக்காரர் மனைவி வந்து நின்றால், “வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா” என்று திருப்பி அனுப்பாதீர்கள். என்ன காகிதம் வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.