யார் நடுநிலையாளர்?

பேராசிரியர் கட்சி அரசியலுக்கு வந்தால் புலமை கறைபடுமாம்! தில்லிப் பொருளாதாரப் பள்ளியில் கற்பித்த மன்மோகன் சிங் 1991இல் நிதியமைச்சரானபோது முதலாளித்துவ உலகம் அவரை ‘நிபுணர்’ என்று கொண்டாடியது. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்து வந்து 2006இலும் 2016இலும் கேரள நிதியமைச்சரான தோழர் தாமஸ் ஐசக் மட்டும் ‘கட்சிக்காரர்’. இவர்கள் ‘நடுநிலை’ என்பதைத் தமிழாக்கும்போதெல்லாம் என் பேனா தயங்குகிறது. வள்ளுவர் அதிகாரம் வகுத்தது துலாக்கோலின் நேர்மைக்கு. உலக வங்கியின் எடைக்கற்களுக்கன்று.

ஐசக்கின் முனைவர் பட்ட ஆய்வே கேரளக் கயிறு நெசவுத் தொழிலையும் அதன் வர்க்கப் போராட்டத்தையும் பற்றியது. ஆய்வை விட்டு அவர் எங்கே விலகினார்? 1996இல் மாநிலத் திட்டக்குழு உறுப்பினராக அவர் மக்கள் திட்ட இயக்கத்தை முன்னெடுத்தபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கப்பட்டது. பொன்முடி அடிவாரம் உட்பட மாநிலமெங்கும் கிராம சபைகள் கூடின. சாலை முதலா, குடிநீர் முதலா என்று மக்களே வழக்காடினர். அதைவிடப் பெரிய கருத்தரங்கம் எந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்தது? ரிச்சர்டு ஃபிராங்கியுடன் அவர் எழுதி 2000இல் வெளிவந்த நூல் அந்தக் களத்தில் விளைந்ததே.

குறைகளே இல்லையா? இருந்தன. கிராம சபைக்கு வருவோர் தொகை பின்னாளில் சுருங்கியது. நடுத்தர வர்க்கம் எட்டியே நின்றது. அவற்றைப் பற்றி வாதிட வாருங்கள். பேராசிரியரின் உறுப்பினர் அட்டையை வைத்து அல்ல.