வண்டியின் மேல் வீடு

சக்கரம் பூட்டிய வீட்டில் குடும்பத்துடன் ஊர் சுற்றும் ஆசை நம்மவரிடையே இப்பொழுது பரவி வருகிறது. கேரள அரசாங்கம் 2021-ஆம் வருஷத்தில் இத்தகைய வண்டிகளுக்கென்றே தனிச் சுற்றுலாத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஆனால் கரிசல் சீமைக்கு இது அப்படி ஒன்றும் புதுமையன்று. குலதெய்வத்துக்குப் பொங்கலிடவும், இருக்கன்குடி மாரியம்மனையும் கழுகுமலை முருகனையும் தரிசிக்கவும் நம் முன்னோர் கூண்டு வண்டியில் அரிசி மூட்டை, அண்டா குண்டாவுடன் புறப்பட்டார்கள். கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்து, நிழலில் அடுப்பு மூட்டி, இரவில் வண்டிக்கடியில் படுத்துப் போய் வந்தார்கள். மாட்டின் இடத்துக்கு மோட்டாரும், கூண்டின் இடத்துக்குத் தகரமும் பலகையும் கொண்டு செய்த அறையும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அந்த அறையைச் சுமக்கும் சிறு லாரிக்கு எந்த 'ஷாக் அப்ஸார்பர்' நீடித்து உழைக்கும் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். அதற்குமுன் ஒரு வார்த்தை. வண்டியின் அமைப்பை நம் இஷ்டப்படி மாற்ற 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடங்கொடுப்பதில்லை. ஆதலால் அறையைப் பொருத்துவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது விவேகம்.

'ஷாக் அப்ஸார்பர்' என்ற பெயரே நம்மைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது. அதிர்ச்சியை முதலில் விழுங்குவது டயரும் வில்லுந்தான். 'வில் வண்டி' என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதே வில். பட்டறையில் இதைக் 'கமான் பட்டை' என்பார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் வில் வளைந்து அடியை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வண்டி குதிக்கிறது. யாரும் தடுக்காவிட்டால் அது ஊஞ்சல் போல் பல முறை ஆடிய பிறகே ஓயும். எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஓர் உந்து தண்டு நகர, சிறு துவாரங்கள் வழியே எண்ணெய் பிதுங்கிச் செல்ல, அந்த ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. இதுவே நம் ஷாக் அப்ஸார்பரின் முழுத் தொழில். பளுவைத் தாங்குவது அதன் வேலையன்று. வண்டி பின்புறம் தாழ்ந்துவிட்டதே என்று விலையுயர்ந்த ஷாக் அப்ஸார்பர் நான்கை வாங்கி மாட்டுகிறவர், கூரை ஒழுகுகிறதென்று வாசற்கதவை மாற்றுகிறவருக்குச் சமானம்.

ஆகவே பளுவிலிருந்து தொடங்குவோம். சரக்கு லாரி கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டிக் கட்டுகளுடன் புறப்பட்டால், இறக்கிய பிறகு சற்று மூச்சு விடுகிறது. வீட்டு வண்டிக்கு அந்த ஓய்வே கிடையாது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் வீடு முதுகின் மேலேயே இருக்கிறது. 2005-ஆம் வருஷத்தில் டாட்டா கம்பெனியார் வெளியிட்ட சின்ன வண்டியை நம்மவர் 'குட்டி யானை' என்கிறார்கள். அது சுமக்கக்கூடியது சுமார் 750 கிலோ. மகிந்திரா பொலேரோ பிக்கப் வகைகளில் 1,300 கிலோவும் 1,700 கிலோவும் ஏற்றத் தக்கவை உண்டு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வீட்டை நிறுத்துப் பாருங்கள். கரிசற் காட்டில் வழியில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படுவதற்கில்லை. 200 லிட்டர் தொட்டி வேண்டும். அதுவே 200 கிலோ ஆயிற்று. சமையல் வாயு உருளை நிறைந்திருக்கையில் ஏறக்குறைய 30 கிலோ. கட்டில், மின்கலம், பாத்திரம், துணிமணி, இவற்றுடன் குடும்பத்தார் நால்வர்! அறையின் சொந்த எடையை இன்னும் நாம் சேர்க்கவே இல்லை. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடையில் ஒரு முறை நிறுத்துச் சீட்டு வாங்குவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியே நிறுக்கச் சொல்ல வேண்டும். கம்பெனியார் விதித்த அளவைச் சீட்டு மீறினால் எந்த ஷாக் அப்ஸார்பரும் உதவாது. சாமான்களை இறக்கத்தான் வேண்டும். அளவுக்குள் இருந்தும் பின்புறம் தாழ்ந்திருந்தால் வில்லைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய லாரிகளில் கமான் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக இருக்கும். அவை ஒன்றோடொன்று உராய்வதே ஓரளவு ஆட்டத்தை அடக்கிவிடும். பின் அச்சில் ஷாக் அப்ஸார்பரே இல்லாமல் பல லாரிகள் நம் நாட்டில் ஓடியதற்கு அதுவே காரணம். இப்பொழுது வரும் 'பரபோலிக்' பட்டைகள் எண்ணிக்கையில் சில. இடையில் உராய்வும் குறைவு. பிரயாணம் மெத்தென்று இருக்கும். ஆனால் ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு முழுவதும் ஷாக் அப்ஸார்பரின் தலையில் விழுகிறது. தாழ்ந்த வண்டிக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துவிட்டுப் பழைய ஷாக் அப்ஸார்பரையே விட்டுவைப்பதும் பிசகு. வில் பலத்தால், மீளும்போது அதை இழுத்துப் பிடிக்கும் பலமும் கூட வேண்டும். கடைக்காரரிடம் வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், வில்லில் செய்த மாற்றத்தையும் எடைச் சீட்டில் உள்ள கணக்கையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

சரி, எந்த ரகம்? இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என்று இரண்டு ஜாதிகள் உண்டு. இரட்டைக் குழாயில் உள்ளே ஒன்று வேலை செய்ய, வெளியே உள்ளது எண்ணெயைச் சேமித்து வைக்கிறது. ஒற்றைக் குழாயில் அழுத்தம் மிகுந்த நைட்ரஜன் வாயு ஒரு மிதக்கும் தடுப்பின் மறுபுறத்தில் நின்று எண்ணெயை நுரைக்க விடாமல் செய்கிறது. பிரெஞ்சுக்காரரான தெ கார்போன் என்பவர் 1953-ஆம் வருஷத்தில் உருவாக்கிய முறை இது. வெப்பம் நேரே வெளிச் சுவரின் வழியாக வெளியேறுவதால் நெடுநேரம் குலுங்கினாலும் சோர்வதில்லை. அதனால் ஒற்றைக் குழாயே உயர்ந்தது என்பார்கள். கரிசல் சாலைக்கு நாம் அப்படிச் சொல்லத் துணிய மாட்டோம். சரளைக்கல் தெறித்து வெளிச் சுவரில் ஒரு சொட்டை விழுந்தால் ஒற்றைக் குழாயின் உந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய்க்கு வெளியில் சொட்டை விழுந்தாலும் உள்ளே வேலை நடக்கும். குறைந்த அழுத்தத்தில் வாயு அடைத்த, விட்டம் பெரிய இரட்டைக் குழாயே இங்கு நமக்கு உகந்ததென்று தோன்றுகிறது. விட்டம் பெரிதானால் எண்ணெய் அதிகம். எண்ணெய் அதிகமானால் சூடேறத் தாமதமாகும். திருகிக் கூட்டிக் குறைக்கும் ரகங்களும் கடையில் இருக்கின்றன. அவை பளு அடிக்கடி மாறும் வண்டிக்கு ஏற்றவை. நம் வீடோ இறங்காத பளு. திருகாணிக்குக் காசு கொடுப்பானேன்?

கடல் கடந்து வரும் பெயர்களின் கவர்ச்சியையும் சற்று யோசிக்க வேண்டும். 1961-ஆம் வருஷத்தில் தோன்றிய காப்ரியேல் இந்தியா முதலாகப் பலர் இச்சாதனத்தை நம் நாட்டிலேயே செய்கிறார்கள். எட்டயபுரத்துக்கு அப்பால் ரப்பர் உறை ஒன்று கிழிந்தால் கோவில்பட்டிக் கடையில் அன்றே கிடைக்கும் சாமான் எதுவோ அதுதான் நீடித்து உழைக்கும் சாமான். பன்மடங்கு விலை கொடுத்து வாங்கியது மாற்று உறுப்புக்காக மாதக்கணக்கில் காத்து நின்றால் அதன் உறுதியினால் யாருக்கு என்ன லாபம்?

இனிக் கரிசலின் குணத்தைச் சொல்ல வேண்டும். இம்மண்ணில் உள்ள களிமம் ஐப்பசி மழையில் நீரைக் குடித்து உப்புகிறது. பங்குனி, சித்திரையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மேலே போட்ட தார்ச் சாலையும் கூடவே எழும்பித் தாழ்கிறது. ஆகையால் விளாத்திகுளம், நாகலாபுரம், புதூர்ப் பக்கத்துக் கிளைச் சாலைகளில் பெரும் பள்ளத்தைவிட அலை அலையான மேடு தாழ்வே மிகுதி. ஷாக் அப்ஸார்பரைக் களைக்கச் செய்வது இந்த ஓயாத அலைதான். பற்றாக்குறைக்குக் கோடையில் மாவு போன்ற புழுதி வேறு. பளபளக்கும் தண்டின்மேல் அது படிந்து எண்ணெய் அடைப்பானை அரைத்துவிடும். தண்டை மூடும் உறை அவசியம். மழைக்காலத்தில் அப்பிய சேறு காய்ந்தால் கல்லாகிவிடுமாதலால் ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும்.

நான்கு வழி நெடுஞ்சாலையில் சாலை நன்றாயிருக்கிறதென்று அஜாக்கிரதையாக இருப்பதற்கில்லை. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அழகுக்காகவா? மேற்குக் கணவாய்களில் புகுந்து வரும் ஆனி, ஆடிக் காற்று, உயரமான வீட்டு வண்டியின் பக்கவாட்டில் அறைகிறது. ஷாக் அப்ஸார்பர் தளர்ந்திருந்தால் ஒரு புறம் சாய்ந்த வண்டி நிமிரும்போது மறுபுறமும் சாயும்; அதே சமயத்தில் எதிரே பஸ் ஒன்றும் வந்துவிட்டால், உள்ளே குழந்தைகள் இருப்பதை ஓட்டுகிறவர் நினைத்துப் பார்க்கவும் நேரமிராது. தண்ணீர்த் தொட்டியை அச்சுகளுக்கு இடையில் தாழ வைப்பதும், கூரைமேல் ஒன்றும் ஏற்றாமலிருப்பதும், காற்றடிக்கையில் வேகத்தைக் குறைப்பதும் எந்த ஷாக் அப்ஸார்பரும் செய்ய முடியாத உதவிகள்.

வாங்கி மாட்டும்போது ஓர் அச்சின் இரு புறத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு புறம் புதிது, ஒரு புறம் பழையது என்று விடலாகாது. பிறகு கிளைச் சாலையில் இருபது மைல் ஓட்டி நிறுத்திப் புறங்கையை ஒவ்வொரு குழாயின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். தொட்டால் சுடலாம், ஜாக்கிரதை. மூன்று வெதுவெதுப்பாயிருந்து நான்காவது மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யாமல் சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது. எண்ணெய் வழிந்த தடம் இருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும்.