அடுப்படிக்கு ஆள் சேர்ப்போம்

தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். பிரித்தானியாவில் அன்று விடுமுறை இல்லை. லண்டனில் அப்போது சூரியன் உதிக்கவே காலை எட்டு மணியாகிவிடும். அதற்குள் அந்நகரின் லூயிஷாம் பகுதித் தமிழர் பலர் வேலைக்கு ரயிலேறியிருப்பார்கள். முற்றமில்லாத மாடிவீட்டில் பொங்கல் பானை குசினிக்குள்தான் பொங்குகிறது.

ஆகவே சொந்தபந்தம் கூடி உண்ணும் நாளாக நத்தார் அமைந்துவிட்டது. டிசம்பர் 25 அன்று லண்டனில் பஸ்ஸும் ஓடாது, ரயிலும் ஓடாது. கடைகளும் பெரும்பாலும் பூட்டு. கிளாரண்டன் ரைஸில் சிவன் கோயில் இருக்கும் லூயிஷாமில், கிறிஸ்தவரல்லாத தமிழ்க் குடும்பங்களும் அன்று ஒரு வீட்டில் கூடுகின்றன. யாழ்ப்பாணத் தூள் பூசிய வான்கோழி, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, இடியப்பம், சொதி என்று மேசை நிறைகிறது. நல்ல மாற்றம்தான்.

ஆனால் சமைக்கும் ஆள் மாறவில்லை. அந்தத் தூளுக்கு மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை ஒவ்வொன்றையும் எந்த அளவில், எந்தப் பதத்தில் வறுத்து இறக்குவது என்பது அம்மாவின் கைப்பக்குவத்தோடு நின்றுவிடுகிறது. விருந்தன்று கடைசியாகச் சாப்பிடுபவரும் அவரே.

இது அநியாயம்.

தேங்காய் துருவவும் மீன் வெட்டவும் இடியப்பம் பிழியவும் ஆண்களும் பிள்ளைகளும் பழகவேண்டும். லூயிஷாம் சந்தைக்குப் போகும்போதே பிள்ளையையும் கூட்டிச்செல்லுங்கள். நல்ல கத்தரிக்காயைப் பார்த்து எடுக்கத் தெரியட்டும். வரும் தைப்பொங்கலுக்கு, அன்று முடியாவிட்டால் அடுத்த ஞாயிறாவது, அம்மாவை முதல் பந்தியில் இருத்தி நீங்கள் சமைத்துப் பரிமாறுங்கள்.