பிரசவம் யாருடைய காரியம்?

2018-ம் வருஷம் ஜூலை மாதம் 22-ந் தேதி திருப்பூரில் 28 வயதுப் பெண் ஒருத்தி தன் வீட்டிலேயே குழந்தையைப் பெற்று, நஞ்சுக்கொடி சரிவர வெளிப்படாமல், இரத்தம் பெருகி மாண்டுபோனாள் என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இது காட்டிலோ மலையிலோ பாதையில்லாத குக்கிராமத்திலோ நடந்த சாவல்ல. கூப்பிட்டால் 108 வண்டி வரக்கூடிய, தடுக்கி விழுந்தால் டாக்டர் வீடு இருக்கிற பட்டணத்தில் நடந்தது. எழுத்து வாசனை இல்லாததால் நடந்ததுமல்ல. யூடியூபில் வீட்டுப் பிரசவப் படங்களைப் பார்த்தும், தெரிந்தவர் வீட்டில் அப்படி ஒன்று சுகமாய் ஆயிற்று என்று கேட்டும் நம்பி இறங்கினார்கள் என்றுதான் செய்தி வந்தது. செத்தவளையும் அவள் வீட்டாரையும் ஏசுவது நமது வேலையல்ல. நம்ப வைத்தவர்களிடம்தான் நமக்கு வழக்கு.

இந்தச் சாவின் ஈரம் காயுமுன்னே, அடுத்த மாதமே, கோயம்புத்தூரில் ஒருவர் வீட்டிலேயே சுகப்பிரசவம் செய்துகொள்ள இலவசமாய்ப் பயிற்சி தருவதாக விளம்பரம் போட்டுக் கைதானார். அதோடு ஓய்ந்ததா என்றால் இல்லை. 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், வாட்ஸப் கூட்டத்தாரிடம் யோசனை கேட்டுக் கேட்டு வீட்டில் பிரசவம் பார்த்ததாக மறுபடியும் செய்தி. முன்னே ஏட்டைக் காட்டி ஏய்த்தான். இப்பொழுது கைப்பேசியைக் காட்டி ஏய்க்கிறான். புரோகிதனுக்காவது தட்சணையோடு போயிற்று.

இவர்கள் கையிலுள்ள ஒரே ஆயுதம் “இயற்கை” என்ற வார்த்தைதான். பிரசவம் இயற்கை என்றால் இருக்கட்டும். பாம்பு கடித்தால் விஷம் ஏறுவதும் இயற்கை, பெரியம்மையில் கண் போனதும் இயற்கைதானே? “நம் பாட்டி பத்துப் பெற்றாளே, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள்?” என்று அடுத்தபடியாகக் கேட்கின்றார்கள். பத்துப் பெற்றுப் பிழைத்த பாட்டியைத்தான் நாம் பார்த்தோம். முதற்பிரசவத்திலேயே போனவள் பாட்டியாகவேயில்லை. அவள் கதையைச் சொல்லப் பேரன் பேத்தியும் இல்லை. 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கை, அன்றைய இந்தியாவில் 1,000 பிரசவத்துக்குச் சுமார் 20 தாய்மார் செத்ததாக மதிப்பிட்டது. லட்சத்துக்கு 2,000. 2018-20 கணக்குப்படி, தமிழ்நாட்டில் லட்சத்துக்கு 54. ஏட்டுக் கணக்கை நம்பாதவர்கள் பழைய பாதைகளில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைப் போய்ப் பார்க்கட்டும். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளின் பாரம் இறங்கட்டும் என்று நட்ட கல் அது. இவ்வளவு சுகமான இயற்கைப் பிரசவம் நடந்த நாட்டில் இவ்வளவு சுமைதாங்கி எதற்கு என்று கேட்கின்றோம்.

பிரசவத்தில் இரத்தம் எப்படிப் போகிறது என்பதை ஒவ்வொரு ஆண்மகனும் தெரிந்துகொள்ளட்டும். நிறைமாதத்தில் நஞ்சுக்கொடி ஒட்டியுள்ள இடத்துக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் ஓடுகின்றது. குழந்தையும் கொடியும் வந்தவுடன் கருப்பை இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கினாலும், கருப்பை சோர்ந்து தளர்ந்தாலும், திறந்த குழாய் திறந்தபடியே இருக்கும். ஒரு மனுஷியின் உடம்பிலுள்ள மொத்த இரத்தமே ஐந்தாறு லிட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது இதற்காகத்தான். ஊசிக்கும் நிற்காவிட்டால் ஏற்ற இரத்தமும், கொடியை எடுக்கத் தெரிந்த கையும், அறுவை அறையும் வேண்டும். யாருக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பத்து மாதமும் ஒரு குறையுமில்லாதிருந்தவளுக்கும் ஆகின்றது. வீடியோவுக்குள்ளிருந்து யார் கை நீளும்?

நிற்க, “அப்படியானால் ஆஸ்பத்திரிதான் கோயில், டாக்டர்தான் தெய்வமா?” என்று கேட்கலாம். நாம் ஒரு தெய்வத்தை இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றி வைக்க வரவில்லை. 1847-ல் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பார்த்த வார்டில் தாய்மார் காய்ச்சலில் குவியலாய்ச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் சாவு குறைவு. பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று கண்டு, கையைக் குளோரின் நீரில் கழுவச் சொன்னார் செம்மல்வைஸ் என்ற டாக்டர். சாவு சரசரவென்று குறைந்தது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலர் அவரைப் பரிகசித்தார்கள். அவர்களைத் திருத்தியது எண்ணிப் பார்த்த கணக்குத்தான், வீட்டுக்கு ஓடிப்போனதல்ல.

இன்றைய கணக்கையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல சர்வேயின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 வயிற்றைக் கிழித்து எடுத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் 36. தனியாரிடத்தில் சுமார் 64! காசு கொடுக்கிற பெண்ணின் இடுப்புக்கு மட்டும் இயற்கை குறை வைத்ததா? தேவைப்பட்ட சிசேரியன் உயிர் காக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. தேவையில்லாதது காயமும் செலவும். அடுத்த பிரசவத்துக்கும் ஆபத்து. இதிலும் கேவலம் என்னவென்றால், ஜோசியன் குறித்த நட்சத்திரத்தில் பிள்ளை பிறக்க வேண்டுமென்று நாள் பார்த்துக் கிழிப்பது. 39 வாரம் நிறையுமுன் காரணமில்லாமல் எடுத்த குழந்தைக்கு மூச்சுத்திணறும் அபாயம் அதிகம் என்பது மருத்துவம் படித்தவனுக்குத் தெரியும். தெரிந்தும் முகூர்த்தத்துக்குக் கத்தியெடுக்கிறவனை டாக்டர் என்பதா, புரோகிதன் என்பதா?

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பெறுகிறவளை யார் கேட்டார்கள் என்பதே நமது கேள்வி. வீட்டில் பெறு என்கிறவன் ஆண்; எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்கிறவர் மாமனார்; நாள் குறிக்கிறவன் ஜோசியன்; காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவன் புருஷன். அவள் நோவதற்கு மட்டுந்தான் உரிமையுள்ளவள். 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில், வயதுவந்த பெண் மயக்கத்திலிருக்கும்போது அவள் தாயாரிடம் சம்மதம் வாங்கி அவள் கருப்பையை எடுத்தது செல்லாது, அவளுடைய சம்மதமே சம்மதம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. பெற்ற தாய்க்கே இல்லாத அதிகாரம் புருஷனுக்கு எங்கிருந்து வந்தது? ஆகையால் கர்ப்பிணியே வாய் திறந்து கேட்க வேண்டும்: எனக்கு எதற்காக அறுவை, இன்னும் காத்திருந்தால் என்ன ஆகும், இரத்தம் கைவசம் இருக்கிறதா, நோவைக் குறைக்க என்ன வழி, என்னோடு என் ஆள் ஒருத்தி இருக்கலாமா? பிரசவ அறையில் துணை இருக்கலாம், சௌகரியமான நிலையில் பெறலாம், எல்லோருக்கும் வழக்கமாய்ப் பிறப்புறுப்பைக் கிழிக்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமே 2018-ல் சொல்லியிருக்கிறது. அதட்டி வாயை மூடச் செய்கிற ஆஸ்பத்திரிதான் பெண்களை “ஹீலர்” வாசலுக்குத் துரத்துகிறது என்பதை டாக்டர்கள் உணர்வார்களாக.

நமது பனியன் பட்டணத்துக்கு வருவோம். ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு எத்தனை வகை, வளையல் எத்தனை டஜன் என்பது தெருவுக்கே தெரியும். அவள் இரத்தம் எந்த வகை, இரத்தசோகை உண்டா என்று கேட்டால் புருஷனுக்கும் தெரியாது. மதுரைப் பக்கத்திலிருந்தும் தேனியிலிருந்தும் வந்து பவர் டேபிளில் உட்காருகிற பெண் மாதாமாதம் சோதனை செய்துகொள்வது இங்கே. ஒன்பதாம் மாதம் பஸ் ஏறித் தாய்வீடு போய்ப் பெறுவது அங்கே. அட்டையையும் ஸ்கேன் காகிதத்தையும் கையோடு கொண்டுபோகாவிட்டால், நடுராத்திரியில் அந்த ஊர் டாக்டர் எதை வைத்து வைத்தியம் பார்ப்பார்? 12 வாரத்துக்குள் முதல் சோதனை ஆக வேண்டும். ஒரு ஷிப்ட் போனால் அன்றைய கூலி போச்சு என்று அவள் தள்ளிப்போடுகிறாள். பேறுகால விடுப்பு 2017-லேயே 26 வாரமாயிற்று. பீஸ் ரேட்டில் கான்ட்ராக்டரிடம் தைப்பவளுக்கு அது கேள்விப்பட்ட செய்தி மட்டுமே. சீமைக் குழந்தைகளுக்கெல்லாம் சட்டை தைத்தனுப்பும் ஊரில், தைக்கிறவளுடைய சோதனை நாளுக்குக் கூலி கொடுக்க முதலாளிகளுக்கு என்ன தடை? டாலர் விலை கேட்கும் அவர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும்.

வீட்டுப் பிரசவ ஆசாரியர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. கொடி விழவில்லை, இரத்தம் நிற்கவில்லை, ஐந்து நிமிஷம் ஆயிற்று. அந்த ஆறாவது நிமிஷத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பேரும் விலாசமும் போட்டு எழுதியனுப்புங்கள். ஒரு எழுத்தும் மாற்றாமல் இந்தப் பத்தியிலேயே பிரசுரிக்கிறோம்.