காற்புள்ளிகளை இட்டவர் அன்னமய்யா அல்லர்

சென்ற வாரம் விடியற்காலையில், அலிபிரிப் பாதால மண்டபத்தருகே ஒரு பஜனைக் குழு படியேறத் தொடங்கியது. அச்சிட்ட சுரக்குறிப்பைக் கையில் வைத்துப் பாடிய மாணவி ஒருத்தி ஓரிடத்தில் தாளம் தவறினாள். “அன்னமய்யா போட்ட தாளத்தை மாற்றாதே” என்று கடிந்துகொண்டார் ஆசிரியர். நான்காண்டு பயின்ற அந்தப் பெண்ணுக்கு அரைப்புள்ளி எதைக் குறிக்கிறது என்பதே தெரியவில்லை என்பதைப் பிறகு பேச்சுவாக்கில் அறிந்தேன்.

அன்னமய்யா எந்தத் தாளத்தைப் போட்டார்? திருமலைச் சங்கீர்த்தன பண்டாரத்துச் செப்பேடுகளில் பாடலின் தலைப்பில் இராகப் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை, பெரும்பாலான பாடல்களுக்குத் தாளமும் இல்லை. இன்று நாம் பாடும் மெட்டுகளுள் மிகப் பல 20ஆம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி முதலியோர் அமைத்தவை. எழுத்தில் குறிலாக நிற்பதை எத்தனை அட்சரம் நீட்டுவது, எங்கே மூச்சு விடுவது என்பதெல்லாம் அவர்கள் செய்த முடிவுகள். அரிய முடிவுகள்தாம். அவற்றைப் பழங்கவிஞர் தலையில் ஏற்றுவது பக்தியன்று; உழைத்தவரின் பெயரை அழிப்பது.

குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவர் இப்படி ஏமாறமாட்டார். ‘ஸ’ ஓர் அட்சரம், ‘ஸா’ இரண்டு. காற்புள்ளி ஒன்று நீட்டும், அரைப்புள்ளி இரண்டு நீட்டும். ‘ஸா ;’ என்றால் நான்கு; சதுசிர நடையில் ஒரு கலை ஆதி தாளத்தின் ஓர் எண்ணிக்கை அத்துடன் நிறைகிறது. மேலே ஒரு கோடிட்டால் அளவு பாதி, இரு கோடிட்டால் கால். ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். இவை நொடிக்கணக்கு அல்ல, ஒன்றோடொன்று ஒப்பிட்ட அளவுகள். காலப்பிரமாணம் மாறினால் எல்லாம் சேர்ந்தே மாறும். மேற்கத்திய முழுச்சுரமும் அரைச்சுரமும் இவ்வகையில் வேறல்ல.

“குறியீடு வெள்ளைக்காரன் சரக்கு, நம்முடையது செவிவழிக் கலை” என்று உடனே ஒரு குரல் எழும். புள்ளிகள் அவர்களுடையவை, ஒப்புக்கொள்கிறேன். அளவு யாருடையது? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வகுத்த தொல்காப்பியம் எந்தக் கப்பலில் வந்திறங்கியது? காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு நிறுத்தம் என்று பள்ளியில் படித்தோமே, அதே கணக்குத்தான் இது. 1904இல் எட்டயபுரத்திலிருந்து சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர், தாளத்துக்கும் கமகத்துக்கும் குறியீடுகளைத் தேடித் தேடி அமைத்தார். அவரைவிடச் செவிவழி மரபில் ஊறியவர் இன்று யார்?

அச்சிடுவோர் ஒரு வரி கூடுதலாக அச்சிடட்டும்: இராகம் செப்பேட்டின்படியா, மாற்றியதா, தாளமும் மெட்டும் யார் அமைத்தவை, எந்த ஆண்டு. கற்பிப்போர் முதல் கீதத்துக்கு முன்பே அரைப்புள்ளியைக் கற்பிக்கட்டும்.